பழைய கட்டில், பீரோ, சோபா: ஆன்லைனில் விற்பதா, கடைக்காரரிடம் மொத்தமாகத் தள்ளிவிடுவதா?

"அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்கிறோம். தேக்குக் கட்டில், இரும்பு பீரோ, சோபா, டைனிங் டேபிள், இரண்டு வார்ட்ரோப் இருக்கின்றன. தெருமுனையில் இருக்கும் பழைய சாமான் கடைக்காரர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்பதாயிரம் என்கிறார். ஆன்லைனில் போட்டால் கூடக் கிடைக்கும் என்கிறான் மகன். அந்த அலைச்சலுக்குப் பலன் உண்டா?"

12 ஜூன் 2025

பலன் உண்டு, ஆனால் எல்லாப் பொருளுக்கும் இல்லை. மொத்தமாக விலை பேசுகிற கடைக்காரர் உங்கள் வீட்டில் இரண்டே இரண்டு பொருளைத்தான் பார்க்கிறார்: தேக்குக் கட்டில், இரும்பு பீரோ. மற்றதெல்லாம் அவருக்கு வண்டியில் இடத்தை அடைக்கும் சுமை. "கட்டிலும் பீரோவும் எங்களுக்கே வேண்டும், மற்றதற்கு மட்டும் என்ன தருவீர்கள்" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்பதாயிரம் எங்கே போய் நிற்கிறது என்பது அப்போது தெரியும்.

நானும் இப்போது இதே வேலையில்தான் இருக்கிறேன். அப்பா கட்டிய நங்கநல்லூர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட பில்டரிடம் கொடுத்திருக்கிறோம். நாற்பது வருட சாமான். ஒவ்வொன்றாகப் போகப் போக இங்கேயே எழுதுகிறேன், உங்களுக்கும் உதவும்.

15 ஜூன்

அளவு அவ்வளவு முக்கியமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என்னைக் கேட்டால் அதுதான் முதல். "கிங் சைஸ் கட்டில், நல்ல கண்டிஷன்" என்று மட்டும் போட்டால் "இன்னும் இருக்கா?", "லாஸ்ட் பிரைஸ்?" இந்த இரண்டையும் தாண்டி ஒன்றும் வராது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் எழுதி, கழற்றினால் எத்தனை துண்டு ஆகும், அதில் நீளமான துண்டு எவ்வளவு, வீடு எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கிறதா என்பதையும் சேர்த்தால் பேச வருகிற ஆட்களே மாறிவிடுகிறார்கள். அவர்கள் தங்கள் அறையை டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் போன் செய்கிறார்கள்.

கிங் சைஸ் 72க்கு 78 அங்குலம், குயின் 60க்கு 78 என்பதெல்லாம் மெத்தைக் கணக்கு. கட்டிலின் சட்டம் அதைவிடக் கொஞ்சம் கூடும். வீட்டிலேயே ஆசாரியை உட்கார வைத்துச் செய்த பழைய கட்டில் இந்தக் கணக்கு எதிலும் அடங்காது. எங்களுடையது 66க்கு 75. இதற்குக் கடையில் தயார் மெத்தை கிடைக்காது, அளவு சொல்லித் தைக்க வேண்டும். அதையும் விளம்பரத்திலேயே எழுதிவிட்டேன். மறைத்தால் ஆள் வந்து பார்த்துவிட்டு அந்த ஒரு காரணத்தை வைத்தே இரண்டாயிரம் குறைப்பார். முன்பே சொல்லிவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

இன்னொன்று. வாங்குகிறவர் நாம் சொல்லும் விலையோடு நிற்பதில்லை. வண்டி வாடகை, ஏற்ற இறக்க ஆள், கட்டிலைக் கழற்றிப் பூட்ட ஆசாரி, மாடிக்குத் தனிக்கூலி எல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டிக்கொண்டேதான் பேசுகிறார். நங்கநல்லூரிலிருந்து வேளச்சேரிக்குப் போவதற்கே வண்டியும் ஆளும் சேர்ந்தால் இரண்டாயிரத்தைத் தொட்டுவிடுகிறது. மூவாயிரம் ரூபாய் டேபிளுக்கு இரண்டாயிரம் கூலி கொடுத்து அம்பத்தூரிலிருந்து யார் வருவார்கள்? அதனால் விலை குறைந்த பொருளை நம் பேட்டைக்குள்ளேயே விற்கப் பார்க்க வேண்டும். ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், பழவந்தாங்கல் என்று பக்கத்து ஊர்ப் பெயர்களை விளம்பரத்திலேயே போடுங்கள். அடுக்குமாடிகளின் வாட்ஸ்அப் குழுக்கள் பெரிய தளங்களைவிட இதற்கு நன்றாக வேலை செய்கின்றன.

16 ஜூன்

புகைப்படம்: காலை வெளிச்சத்தில், மேலே கிடக்கும் துணியை எல்லாம் எடுத்துவிட்டு. கட்டிலின் அடிப்பக்கம், டிராயரின் உள்பக்கம், கீறல் இருக்கும் இடம், இந்த மூன்றும் கட்டாயம். கதவு எண்ணோ வண்டி நம்பரோ படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

20 ஜூன்

கோவையிலிருந்து எழுதியவருக்கு: வேண்டாம், அந்த ஆளிடம் மேற்கொண்டு பேசவே பேசாதீர்கள். "ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகி வருகிறேன், நேரில் பார்க்க நேரமில்லை, முழுப் பணத்தையும் இப்போதே அனுப்புகிறேன்" என்று சொல்லி அடையாள அட்டைப் படமும் அனுப்பியிருக்கிறார் என்றால் அது பல வருடமாக ஓடுகிற மோசடி. எனக்கும் அதே கதையோடு ஒரு அழைப்பு வந்தது. பீரோவின் உயரம் என்ன, சாவி எத்தனை என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல், சொன்ன விலைக்கு அப்படியே சம்மதம். பீரோ வாங்குகிறவர் யாரும் அப்படிப் பேசமாட்டார். அடுத்து ஒரு க்யூஆர் கோடு வந்தது, "ஸ்கேன் செய்து யுபிஐ பின் (PIN) நம்பரைப் போடுங்கள், பணம் வந்து விழும்" என்று.

யுபிஐயில் நமக்குப் பணம் வந்து சேர பின் (PIN) நம்பர் தேவையே இல்லை. நம் இருப்பைப் பார்க்கப் போடுவதைத் தவிர, பின் நம்பர் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகிறது என்றுதான் அர்த்தம். வீட்டில் பெரியவர்கள் போனை எடுப்பார்கள் என்றால் இந்த ஒரு வரியை அவர்களுக்கு அழுத்தமாகச் சொல்லி வையுங்கள். என் அம்மாவுக்குத் தாளில் எழுதி போன் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன்.

ஏற்கெனவே பணம் போய்விட்டிருந்தால் தயங்காமல் உடனே 1930க்கு போன் செய்யுங்கள். அது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

பொருளை நேரில் எடுக்க வருகிறவரிடமும் ஒரு கவனம் வேண்டும். "அனுப்பிவிட்டேன்" என்று அவர் காட்டும் போன் திரையை நம்பி சாமானை ஏற்றவிடாதீர்கள். போலியாக அப்படி ஒரு திரையைக் காட்டும் ஆப்கள் இருக்கின்றன. குறுஞ்செய்தியும் போலியாக வரலாம். உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை கட்டில் வாசலைத் தாண்டக்கூடாது.

22 ஜூன், ஞாயிறு

தேக்குக் கட்டில் போய்விட்டது. 14,000 போட்டிருந்தேன், 11,500க்கு முடிந்தது.

மேடவாக்கத்திலிருந்து ஒரு புதுமணத் தம்பதி, கூடவே பையனின் அப்பா. அவர் மர வேலை தெரிந்தவர் என்பது உள்ளே வந்ததுமே தெரிந்தது. தலைமாட்டுப் பலகையில் இருந்த செதுக்கு வேலையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகத் தரையில் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தை அடித்து, நான்கு கால்களுக்கும் கீழே மாவு மாதிரித் தூள் கொட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். உளுத்த மரம் என்றால் அந்தத் தூள் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு பாலிஷ் ஏறாத அடிச்சட்டத்தில் சாவியால் லேசாகச் சுரண்டி முகர்ந்து பார்த்தார். நாற்பது வருடம் கழித்தும் தேக்கின் எண்ணெய் வாசனை அதில் இருந்தது. மருமகளைக் கூப்பிட்டு, "இங்கே வாம்மா, மோந்து பாரு" என்றார். எனக்கு அந்த நிமிடமே கட்டில் சரியான வீட்டுக்குத்தான் போகிறது என்று பட்டுவிட்டது. விலையில் கடைசியாக அவர் கேட்ட ஐந்நூறை விட்டுக்கொடுத்தேன்.

"வெள்ளத்தில் ஊறியதா?" என்றும் கேட்டார். இதை எல்லோருமே கேட்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலுக்கும் பிறகு தென்சென்னையில் பழைய மரச்சாமான் வாங்குகிற யாரும் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. கேட்கத்தான் வேண்டும். உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்திருந்தால் எது வரை வந்தது, எந்தச் சாமான் தப்பியது என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தேக்கு காய்ந்து எழுந்துவிடும், அதை வாங்க ஆள் இருக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைச் சாமான் எழவே எழாது.

23 ஜூன்

"நாற்பது வருடத் தேக்கு என்றால் அது பர்மா தேக்கு, லட்சத்துக்கு மேல் போகும், பதினோராயிரத்துக்கு ஏமாந்துவிட்டீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பழையது எல்லாம் பர்மா தேக்கு ஆகிவிடாது. எண்பதுகளில் இங்கே வீடுகளில் செய்த சாமானில் கேரளத் தேக்கும் நாட்டுத் தேக்கும் நிறைய. அப்பா வாங்கிய ரசீது இருக்கிறது, நாட்டுத் தேக்கு என்றே எழுதியிருக்கிறது.

காரைக்குடிக்குக் கொண்டுபோகலாமே என்றும் சிலர் கேட்கிறீர்கள். அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே மதிப்பு என்பது செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் தூண், நிலைக்கதவு, பெல்ஜியக் கண்ணாடி, எனாமல் பாத்திரம் போன்றவற்றுக்கு. 1984இல் ஆசாரி செய்த கட்டில் நல்ல கட்டில், அவ்வளவுதான். பழம்பொருள் என்று சொல்லி விலை ஏற்றினால் மாதக்கணக்கில் விளம்பரம் அப்படியே கிடக்கும்.

24 ஜூன்

பீரோவை விற்கும் முன் லாக்கரையும், அதற்குள் இருக்கும் இழுப்பறையையும், இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து அதற்குப் பின்னால் உள்ள இடத்தையும் பாருங்கள். எங்களுடையதில் பழைய ரேஷன் கார்டும் வீட்டுக்கடன் அடைத்த ரசீதும் அம்மாவின் தாலிச்சரடு மாற்றியபோது எடுத்துவைத்த இரண்டு குண்டுமணியும் இருந்தன. பொன் என்றால் பொடிதான், ஆனாலும் அம்மா முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

பீரோவுக்கு இரண்டு சாவியும் இருந்தால் அதை எழுதுங்கள். சாவி தொலைந்த பீரோவைக் காயலான் கடைக் கணக்கில், கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் கேட்பார்கள். பழைய இரும்பு பீரோவின் தகடு கனம், கதவைத் தட்டினால் சத்தத்திலேயே தெரியும். எங்களுடையது 5,500க்குப் பக்கத்துத் தெரு தையல்காரம்மா வாங்கினார். துணிகளைப் பூட்டிவைக்கப் பூட்டு சரியாக விழுகிற பீரோதான் வேண்டும் என்று பத்து முறை திறந்து மூடிப் பார்த்தார்.

3 ஜூலை

வார்ட்ரோப் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன, விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்களுடையது எது என்று பாருங்கள். கதவு விளிம்பில் ஒட்டியிருக்கும் பட்டை எங்காவது பிய்ந்திருக்கும், அந்த இடத்தில் பார்த்தால் தெரியும். ஏடு ஏடாக அடுக்கு தெரிந்தால் பிளைவுட். மரத்தூளை அழுத்தி ஒட்டியது மாதிரி இருந்தால் பார்ட்டிகிள் போர்டு. பிளைவுட் என்றால் கழற்றி மாட்டலாம், நல்ல விலையும் உண்டு. பார்ட்டிகிள் போர்டில் ஒரு முறை இறுக்கிய திருகை எடுத்துவிட்டால் அந்தத் துளை மறுபடி திருகைச் சரியாகப் பிடிக்காது, தூள் தூளாக உதிரும். கீல் இருக்கும் இடத்தில்தான் இது மோசம்: பெரிய கதவின் பாரம் முழுவதையும் அந்த நாலைந்து துளைகள்தான் தாங்குகின்றன. அதோடு வீடு கழுவும்போதெல்லாம் தண்ணீர் பட்டு அடிப்பலகை ஊறிப் பொங்கியிருக்கும்.

ஆகவே பார்ட்டிகிள் போர்டு வார்ட்ரோபைக் கழற்றாமல் அப்படியே தூக்கிப்போகிற தூரத்தில் இருப்பவருக்கு விற்பதுதான் நல்லது. அதே கட்டிடத்தில், அதே தெருவில். விலையைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஒன்றை மாடி வீட்டில் புதிதாகக் குடிவந்த பையன்களுக்கு 1,500க்குக் கொடுத்தேன், நான்கு பேர் சேர்ந்து தூக்கிப்போனார்கள். இன்னொன்றைத் தூரத்தில் இருக்கும் ஒருவர் கேட்டார். ஆசாரியைக் கூட்டிவந்து கழற்றினால்தான் தருவேன் என்று சொல்லிவிட்டேன். அவசரத்தில் ஸ்பேனரும் சுத்தியலுமாகக் கழற்றி, வீட்டுக்குப் போன பிறகு நிற்கவில்லை என்று அவர் வருத்தப்படுவதில் எனக்குச் சம்மதமில்லை.

டைனிங் டேபிள்: மேலே கண்ணாடி என்றால் கண்ணாடியின் கனத்தையும் மில்லிமீட்டரில் எழுதுங்கள். கண்ணாடியை வண்டியில் படுக்கவைக்கக் கூடாது, நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும். பழைய போர்வை இரண்டை இலவசமாகவே கொடுத்துவிடுங்கள்.

18 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது, போன் அடங்கிவிட்டது.

சென்னையில் ஆடியில் வீடு மாறுகிறவர்கள் குறைவு, புதுக்குடித்தனம் வைக்கிறவர்கள் அதைவிடக் குறைவு. கட்டில், பீரோ எல்லாம் பெரும்பாலும் புதுக்குடித்தனத்துக்கு வாங்குகிற சாமான். ஆகவே ஆடியில் "விலை குறைத்தாலாவது போகுமா" என்று அடிமாட்டு விலைக்கு இறங்க வேண்டாம். காலக்கெடு இருந்தால் வேறு விஷயம். ஆவணி பிறக்கட்டும். இதே மாதிரி மார்கழியிலும் மந்தம், தையில் கேட்க ஆள் இருக்கும். பள்ளி திறப்பை ஒட்டி மே, ஜூனில் மேசை நாற்காலிக்கு நல்ல கிராக்கி.

ஹாஸ்டல், பிஜி நடத்துகிறவர்கள் ஆடி பார்ப்பதில்லை என்று குரோம்பேட்டை நண்பர் எழுதியிருப்பது சரியான சேர்க்கை. இரும்புக் கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி, எழுது மேசை இருந்தால் அவர்களிடம் கேளுங்கள்.

19 ஜூலை

ஒருவர் கேட்ட கேள்விக்கு நேற்று பதில் எழுதாமல் வைத்திருந்தேன். "மாமனார் இறந்தது அந்தக் கட்டிலில்தான். வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டுமா?"

கேட்டால் பொய் சொல்லாதீர்கள். நம் பக்கம் சிலர் இதைக் கேட்கவே செய்கிறார்கள், அவர்களுக்கு அது மனதை அறுக்கும் விஷயம். நாளைக்கு எப்படியோ தெரியவந்தால் அந்த வீட்டில் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அந்தக் கட்டில்தான் காரணமாகும். கேட்காதவரிடம் நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. மூத்தவர்கள் வாங்க வந்தால் நானாகவே சொல்லிவிடுவேன், ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். விற்க மனமில்லை என்றால் முதியோர் இல்லத்தில் கேளுங்கள். அவர்களிடமும் முதலில் போன் செய்து, வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். உடைந்த சாமானைத் தானம் என்ற பெயரில் அங்கே இறக்கிவிட்டு வருவது பெரிய அநியாயம்.

24 ஆகஸ்ட்

ஆவணி முதல் வாரத்திலேயே ஊஞ்சல் போனது. பித்தளைச் சங்கிலியோடு, ஒரே பலகை, 18,000. சங்கிலியையும் பலகையையும் பிரித்துக் கேட்டவர்கள்தான் அதிகம். பித்தளையைத் தனியாக எடை போட்டு விற்றால் லாபம் என்று இங்கேயும் ஒருவர் எழுதியிருந்தார். நான் பிரிக்கவில்லை. வாங்கிய அம்மா திருவள்ளூர்ப் பக்கம் புது வீடு கட்டுகிறார். கூரையில் கொக்கி போட காங்கிரீட் போடும்போதே கம்பி விட வேண்டும், கொக்கிக்கும் கொக்கிக்கும் எவ்வளவு இடைவெளி என்று கேட்டு அளந்துகொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு மேல் ராகுகாலம், அதற்குள் ஏற்றிவிட வேண்டும் என்று லோடுமேன்களை விரட்டியதுதான் பெரிய கலகலப்பு. சங்கிலி நாலு இருபதுக்கு வண்டியில் இருந்தது.

2 செப்டம்பர்

சோபா. இதில் என் கருத்து மாறியிருக்கிறது. ஜூனில் இதையும் தனியாக விற்பதே மேல் என்ற எண்ணத்தில் இருந்தேன். துணி சோபாவுக்கு அது பொருந்தவில்லை. மூட்டைப்பூச்சி பயம் எல்லோருக்கும் இருக்கிறது, அதில் தவறும் இல்லை. எல் வடிவ சோபா என்றால் நீண்ட பக்கம் வலதா, இடதா என்பதே வாங்குகிறவர் ஹாலுக்குப் பொருந்த வேண்டும். அதோடு படிக்கட்டில் திரும்பாது. வந்து பார்த்தவர்கள் எல்லாம் நல்ல மனிதர்கள், யாருக்கும் பொருந்தவில்லை.

கடைசியில் அதையும் டேபிளையும் சேர்த்துப் பழைய சாமான் கடைக்காரரிடமே கொடுத்தேன். அவர் துணியைப் பிரித்துச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார், உள்ளே நல்ல மரம். புது ஸ்பாஞ்சும் துணியும் போட்டு விற்பார். அந்த வேலைக்கு ஆளும் இடமும் அவரிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. கடைக்காரர் என்றாலே கொள்ளை என்று இங்கே சிலர் எழுதுவது நியாயமில்லை. வீட்டுக்கு வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு வருகிற தரகர் வேறு, கடை வைத்து வெளிப்படையாக விலை சொல்கிறவர் வேறு.

6 அக்டோபர்

யுபிஐயில் தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதி அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்கிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள், ஜூனில் எழுதியதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மெத்தை கேட்டவருக்கு: ஸ்பாஞ்சு மெத்தையைக் காசு கொடுத்து வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். இலவம்பஞ்சு மெத்தை என்றால் தூக்கிப் போடாதீர்கள். மெத்தை தைப்பவரைக் கூப்பிட்டுப் பஞ்சை அடித்துப் புதுத் துணியில் போட்டால் இரண்டு தலையணையும் ஒரு சின்ன மெத்தையும் தேறும். எங்கள் பஞ்சு அப்படித்தான் என் பெண்ணின் ஹாஸ்டல் கட்டிலுக்குப் போயிருக்கிறது.

எதற்கும் தேறாத மெத்தை, உடைந்த பலகை எல்லாம் இருந்தால் இரவோடு இரவாகக் காலி மனையில் கொண்டுபோய்ப் போடாதீர்கள், மழைக்காலம் வருகிறது, அது நேராகக் கால்வாயில்தான் போய் அடைக்கும். சென்னைக்குள் இருப்பவர்கள் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு போன் செய்து, எந்தச் சாமான், எத்தனை என்று சொல்லிக் கேளுங்கள்.